சின்னக் கைகளுக்கு ஓட்ஸ் பிஸ்கட்

ஓட்ஸ் பிஸ்கட்டில் நெருப்பின் வேலை கடைசியில்தான் வருகிறது. அளப்பது, கலப்பது, பிசைவது, உருட்டுவது, தட்டுவது எல்லாமே சூடில்லாத மாவில் நடக்கும். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அடுக்களைக்குள் சேர்த்துக்கொள்ள இதைவிடத் தோதான பலகாரம் குறைவு. திருவண்ணாமலை வீடுகளில் வழக்கமாகச் செய்யும் இனிப்புகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிப்பவர், கொதித்த வெல்லப்பாகில் பொரியைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். அப்பமும் அதிரசமும் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர்வதில்லை. பிள்ளைகளுக்கு அங்கே வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கும் இடம்தான். பிஸ்கட்டிலோ முதல் முக்கால் மணி நேரம் அவர்களுடையது, அடுத்த அரை மணி நேரம் பெரியவருடையது. இந்த எல்லையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் பாதி சண்டை குறையும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ரமண நகரிலும் செங்கம் சாலையிலும் வெளிநாட்டினர் வந்து உண்ணும் கடைகளில் இது 'குக்கீ' என்று விற்கப்படுகிறது. ஊரின் பேக்கரிகளில் நெய் பிஸ்கட்டும் தேங்காய் பிஸ்கட்டும் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் புட்டிகளைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது பிஸ்கட்தான். இந்த இயலிலும் அப்படியே.

ஓட்ஸ் என்பது என்ன

ஓட்ஸ் தமிழ்நாட்டு வயல்களில் விளையும் தானியம் அன்று. குளிர் நாடுகளின் பயிர். ஸ்காட்லாந்தில் ஏழைகளின் அன்றாட உணவாக இருந்து, அமெரிக்காவில் பொட்டலத்தில் அடைபட்டு, உலகெங்கும் பரவியது. 1896-இல் பாஸ்டனில் வெளியான ஃபேன்னி ஃபார்மரின் சமையல் நூலிலேயே ஓட்ஸ் பிஸ்கட்டுக்குச் செய்முறை உண்டு. இந்தியாவில் வடமாநிலங்களில் இது பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் பயிரிடப்படுகிறது. மளிகைக்கடை அலமாரியில் மனிதர் உணவாக இது இடம்பிடித்தது அண்மைக் காலத்தில்தான்.

பிள்ளைகளுக்கு விளக்க எளிய வழி, அவலைக் காட்டுவது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். ஓட்ஸின் உமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கினால் கடையில் கிடைக்கும் ஓட்ஸ். ஆவி காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். அதில் சிக்கு வாடை ஏறச் செய்யும் நொதியை வெப்பம் செயலிழக்கச் செய்கிறது. ஒரு தட்டில் கெட்டி அவலும் இன்னொரு தட்டில் ஓட்ஸும் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், நான்கு வயதுப் பிள்ளைக்கும் இரண்டும் ஒரே வேலையின் விளைவு என்பது புரிந்துவிடும்.

கடைகளில் பெரிதாக, தடிப்பாக இருப்பது ஒரு வகை, சிறு துண்டுகளாக மெல்லியதாக இருப்பது சீக்கிரம் வேகும் வகை. பிஸ்கட்டுக்கு இரண்டும் ஆகும். தடிப்பானது மெல்லுவதற்கு உறுதியாக இருக்கும், மெல்லியது மாவோடு கலந்து மிருதுவாகும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவதே நல்லது. முழுத் தானியத்தை வெட்டிய, நசுக்காத வகை பிஸ்கட்டில் வேகாமல் பல்லில் கடிபடும். உறையைப் படிக்காமல் மசாலா ஓட்ஸை வாங்கி வந்து, வெல்லத்தோடு மிளகாயும் பூண்டும் சேர்ந்த பிஸ்கட் தின்ற வீடுகளும் உண்டு.

சாமான்கள்

இருபது, இருபத்திரண்டு சின்ன பிஸ்கட்டுகளுக்கு அளவு இது: ஓட்ஸ் 100 கிராம், கோதுமை மாவு 120 கிராம், நாட்டுச் சர்க்கரை 80 கிராம், வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடியோ சுக்குப் பொடியோ அரைத் தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி, நறுக்கிய உலர்திராட்சை ஒரு கைப்பிடி. தராசு இல்லாத வீட்டில் 200 மில்லி டம்ளரால் அளக்கலாம். ஓட்ஸ் ஒன்றேகால் டம்ளர், மாவு தலைதட்டி ஒரு டம்ளர், நாட்டுச் சர்க்கரை அரை டம்ளருக்குச் சற்று மேல்.

முட்டை வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் முட்டை நுழையாத வீடுகள் பல. பிள்ளைகள் செய்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் செய்வார்கள், அங்கே சங்கடம் வரக்கூடாது. மாவை இறுக்கிப் பிடிக்கும் வேலையை ஓட்ஸும் பாலும் சேர்ந்தே செய்துவிடும்.

வெல்லத்தைப் பாகாக்கி ஊற்றினால் தண்ணீர் கூடி பிஸ்கட் ரொட்டிபோல ஆகும். அதனால் உலர்ந்த நாட்டுச் சர்க்கரையே ஏற்றது. அதில் கட்டிகளும் சில சமயம் கரும்புச் சக்கையும் இருக்கும், சலித்தெடுக்க வேண்டும். பொட்டலத்தில் விற்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பு சேர்த்தது, அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்பு வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோரின் ஈரம் தங்கியிருக்கும். அதை உருக்கி நெய்யாக்கிக்கொள்வது பாதுகாப்பு. நெய்யில் ஈரமே இல்லாததால் 80 கிராம் போதும், பால் ஒரு கரண்டி கூடுதலாகத் தேவைப்படும். நெய் பிஸ்கட் கடித்தவுடன் பொலபொலவென உதிரும், வெண்ணெய் பிஸ்கட் ஒட்டி நிற்கும்.

பேக்கிங் பவுடர் கிடைக்காவிட்டால் ஆப்ப சோடா கால் தேக்கரண்டி போட்டு, பாலுக்குப் பதில் தயிர் சேர்க்கலாம். சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும், பாலில் அது இல்லை.

மல்லாட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வேர்க்கடலைக்கு இந்த வட்டாரத்தில் வழங்கும் பெயர் அது. திருவண்ணாமலை மாவட்டத்தில் மானாவாரியாக நிறைய விளைவது, வறுத்த மணம் ஓட்ஸுக்கு அருமையாகப் பொருந்துவது. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுக் கடலையோ பெரிய துண்டுகளோ கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. வறுத்துத் தோல் நீக்கி, ரவை பதத்துக்குப் பொடித்து மூன்று கரண்டி சேர்க்கலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்திருந்தால், யாருக்காவது கடலையோ பாலோ கோதுமையோ ஒவ்வாமல் போனதுண்டா என்று அவரவர் வீட்டில் கேட்டுக்கொண்ட பிறகே கலக்க வேண்டும்.

நாளும் நேரமும்

பௌர்ணமி நாளைத் தவிர்ப்பது நல்லது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் அதற்குச் செல்லும் தெருக்களிலும் கூட்டம் நிரம்பும், விருந்தாளிகள் வருவார்கள், பிள்ளைகளின் கவனமும் தெருவில் இருக்கும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மேசை மீது வைக்கும் மின் அடுப்பு, அதாவது ஓ.டி.ஜி., ஆயிரம் வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதைப் பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முயல்வது வீண்.

மற்றெல்லாவற்றையும்விட இந்த ஊரில் பிஸ்கட்டைக் கெடுப்பது வெயில். வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். கத்திரி வெயிலில் நண்பகல் அடுக்களை அதைத் தாண்டும். வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும் 'அறை வெப்பநிலையில் மென்மையான வெண்ணெய்' இங்கே சித்திரையில் கிண்ணத்தில் எண்ணெயாக நிற்கும். உருகிய வெண்ணெயில் பிசைந்த மாவு சூட்டில் பரவி, தட்டு முழுக்க ஒரே பிஸ்கட்டாகிவிடும். ஆகவே கோடையில் காலை ஒன்பது மணிக்கு முன்பே தொடங்க வேண்டும். வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் துண்டுபோட்டு, பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்தினால் சரியாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கவலை இல்லை. அப்போது வெண்ணெயை அரை மணி நேரம் வெளியே வைத்தே இளக்க வேண்டியிருக்கும்.

இடமும் கைகளும்

சமையல் மேடை பெரியவர்களின் உயரத்துக்குக் கட்டியது. ஸ்டூல் போட்டுப் பிள்ளையை ஏற்றிவிட்டால் அடுப்பும் கத்தியும் கைக்கெட்டும், கவனம் சிதறினால் விழவும் நேரும். தரையில் பாய் விரித்து, விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவது எல்லா வகையிலும் மேல். சிந்தும் மாவு தாம்பாளத்துக்குள்ளேயே விழும். பாட்டி முறுக்கு மாவு பிசைந்த இடமும் தரைதான். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துவிட வேண்டும், ஒரே கிண்ணத்தில் நான்கு கைகள் போனால் பிஸ்கட் வராது, அழுகைதான் வரும்.

கை கழுவுவதைச் சோப்போடு, நகக்கண் வரை செய்ய வைக்க வேண்டும். வளையல், மோதிரம், கையில் கட்டிய கயிறு ஆகியவற்றில் மாவு ஒட்டிக்கொள்ளும். கழற்றக்கூடியவற்றைக் கழற்றி, சாமிக் கயிற்றை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டால் போதும்.

பச்சை மாவைத் தின்னக் கூடாது என்பது அடுத்த விதி. முட்டை இல்லாததால் கேடில்லை என்று நினைப்பது தவறு. கோதுமை மாவும் வேகாத பொருளே, அதில் இருக்கக்கூடிய கிருமிகள் சூட்டில்தான் அழியும். இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம், மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் வேறு இருக்கின்றன. ஆனால் சாமிக்குப் படைக்கும் முன் பலகாரத்தை ருசி பார்ப்பதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். முதல் பிஸ்கட் படத்துக்கு முன்னால் என்று சொல்லிவிட்டால், கிருமியைப் பற்றிய பாடம் செய்யாத வேலையை அது செய்துவிடும். அந்த வழக்கம் இல்லாத வீட்டில் ஒரு கிண்ணம் திராட்சையை அருகில் வைத்து, வாய் கேட்கும்போது அதைக் கொடுக்கலாம்.

கலப்பதும் உருட்டுவதும்

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொட்டும் வேலை. பெரியவர் அளந்து வைத்த டம்ளரைத் தாம்பாளத்தில் கவிழ்ப்பதே அந்த வயதில் பெரிய சாதனை. நான்கு, ஐந்து வயதினர் நாட்டுச் சர்க்கரைக் கட்டிகளை டம்ளரின் அடியால் நசுக்கிச் சலிக்கலாம். சலிப்பதில் அவர்களுக்கு அலுப்பே வராது. ஆறு வயதுக்கு மேல் அளக்கும் பொறுப்பையே கொடுத்துவிடலாம். தலைதட்டுவது என்றால் என்ன, குவியலாக அளந்தால் ஏன் கூடிவிடும் என்பதைப் பள்ளிக் கணக்கைவிட இந்த டம்ளர் நன்றாகச் சொல்லித் தரும்.

முதலில் வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் விரல்களால் குழைக்க வேண்டும். நிறம் சற்று வெளுத்து, கோலமாவு குழைத்த பதம் வந்ததும் நிறுத்தலாம். தனியே கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், ஏலக்காய்ப் பொடி மூன்றையும் கலந்து அதன் மேல் கொட்டி, புட்டுக்குப் பிசிறுவதுபோலப் பிசிற வேண்டும். பிறகு ஓட்ஸும் திராட்சையும். கடைசியில் பாலை ஒரே தடவையில் ஊற்றாமல் கரண்டி கரண்டியாகத் தெளித்துச் சேர்க்க வேண்டும். கொழுக்கட்டை பிடிப்பதுபோல அழுத்தினால் உடையாமல் நிற்க வேண்டும், அதுவே பதம். சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசைந்தால் கோதுமையின் பசை இறுகி பிஸ்கட் கடினமாகும். பலம் காட்ட விரும்பும் பிள்ளைகளை இந்த இடத்தில்தான் சற்று அடக்க வேண்டியிருக்கும்.

கலந்த மாவை மூடி, குளிர்பெட்டியில் இருபது நிமிடம் வைப்பது இரண்டு வகையில் உதவும். ஓட்ஸ் பாலை உறிஞ்சி ஊறும், வெண்ணெய் மறுபடி இறுகும். இந்த இருபது நிமிடத்தில் பாத்திரம் கழுவவும் தட்டில் நெய் தடவவும் பிள்ளைகளை ஏவலாம். பலரும் இந்த ஓய்வைத் தவிர்த்துவிட்டு, உருட்ட வரவில்லை என்று மேலும் மாவு சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது உருட்டல். பெருநெல்லிக்காய் அளவு என்று சொல்லி, முடிந்தால் ஒரு நெல்லிக்காயையே நடுவில் வைத்துவிட வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருப்பது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல, சின்னது கருகும்போது பெரியது வேகாமல் இருக்கும். இருந்தாலும் பிள்ளைகளின் கையில் சுண்டைக்காயும் எலுமிச்சையும் வரத்தான் செய்யும். அவற்றைத் திரும்ப உருட்டிச் சரிசெய்வது கூடாது. சின்னவற்றை ஒரு தட்டிலும் பெரியவற்றை இன்னொரு தட்டிலும் பிரித்து வைத்து, தனித்தனியாகச் சுட்டால் தீர்ந்தது. ஓட்ஸ் பிஸ்கட் மேடுபள்ளமாக இருப்பதே இயல்பு என்பதால், அச்சில் வெட்டும் பிஸ்கட்டைப் போலக் கோணல் கண்ணை உறுத்தாது. பிள்ளைகளோடு செய்வதற்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உருண்டையைத் தட்டில் வைத்து உள்ளங்கையால் அரை விரல் தடிமனுக்குத் தட்டி, இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும்.

தட்டில் நெய் தடவி மாவு தூவினால் போதும். பட்டர் பேப்பர் போடுவதானால் சமையலுக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும். மெழுகு பூசிய தாள் சூட்டில் புகையும்.

சுடுவது

இங்கிருந்து பிள்ளைகள் பாய்க்குத் திரும்ப வேண்டும். மின் அடுப்பை 170 டிகிரியில், மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரியும்படி வைத்துப் பத்து நிமிடம் முன்சூடு செய்து, நடுத்தட்டில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். நாட்டுச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிட விரைவில் கருக்கும், அதனால் 180-ஐத் தாண்டக் கூடாது. ஓரம் பொன்னிறமாகி நடுப்பகுதி தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேகவில்லை என்று தோன்றும் அந்த நிலைதான் சரியான நிலை. ஆறும்போது வெண்ணெயும் சர்க்கரையும் இறுகி மொறுமொறுப்பைத் தரும். கெட்டியாகட்டும் என்று அடுப்பிலேயே விட்டவை ஆறியபின் கல்லாகும். இடையில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் உள்சூட்டிலேயே ஓரளவு வெந்துவிடும்.

மின் அடுப்பு இல்லாத வீட்டில் அடிகனமான பழைய பாத்திரம் அதன் இடத்தைப் பிடிக்கும். உள்ளே ஒரு பிரிமனையோ கம்பித் தாங்கியோ வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவிட்டு, விளிம்பில் ஒரு விரல் இடைவெளி இருக்கும்படியான தட்டை உள்ளே இறக்க வேண்டும். தீயைச் சிறிதாக்கி 20 முதல் 25 நிமிடம். ஒரு தடவைக்கு ஐந்தாறுதான் கொள்ளும். அடிப்பக்கம் முதலில் சிவக்கும், மேல் வெளுத்தே இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிரஷர் குக்கரில் உப்பு நிரப்பிச் சுடுவது பரவலான வழக்கம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டே வைக்க வேண்டும், மறந்தால் விபத்து. தண்ணீரில்லாமல் காய்வதால் குக்கரும் நாளடைவில் கெடும், ஆகவே சோறு வடிக்கும் குக்கரை இதற்கு எடுக்காதிருப்பதே உத்தமம்.

சுட்ட தட்டைப் பிள்ளைகள் நடமாடாத மேடையில் வைத்துப் பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். சூடான பிஸ்கட் பார்க்க ஆறியதுபோல இருக்கும், உள்ளே உருகிய சர்க்கரை நாக்கைச் சுடும். ஜன்னல் ஓரத்திலும் மொட்டைமாடியிலும் ஆறவைக்கும் எண்ணம் மலையடிவாரத் தெருக்களில் வேண்டாம். குரங்குகள் பிள்ளைகளைவிட விரைவாக வந்து சேரும்.

பிசகினால்

பிஸ்கட் பரவித் தட்டையானால் வெண்ணெய் உருகியிருந்தது என்று பொருள். அடுத்த தட்டை அடுப்பில் வைக்கும் முன் கால் மணி நேரம் குளிரவிட்டு, ஒரு கரண்டி மாவும் சேர்த்துப் பார்க்கலாம். எடுக்கும்போது உதிர்ந்தால் பால் போதவில்லை, அல்லது ஆறும் முன்பே எடுத்தாகிவிட்டது. அடி கருகி மேல் வேகாவிட்டால் தட்டு கீழ்க் கம்பிக்கு நெருக்கமாக இருந்திருக்கும். சோடா நெடி அடித்தால் அளவு கூடியது, அதற்கு மாற்று இல்லை.

சாமையும் அவலும்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலை சாமைக்குப் பேர்பெற்றது. சாமை மாவைக் கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 கிராம் வரை மாற்றிப் போடலாம். அதற்கு மேல் போனால் பசைத்தன்மை குறைந்து பிஸ்கட் நிற்காது. சாமை சேர்ந்தது மணல்மணலாக நொறுங்கும், சிலருக்கு அதுவே பிடிக்கும். ஓட்ஸ் கிடைக்காத நாளில் கெட்டி அவலை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, கையால் நொறுக்கி அதே அளவில் சேர்க்கலாம். அவல் ஓட்ஸ் அளவுக்குப் பாலை வாங்காது, ஒரு கரண்டி குறைத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்து வைப்பது

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். வெதுவெதுப்போடு மூடினால் மூடியில் நீர் கோத்து எல்லாம் நமத்துவிடும். இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் நன்றாக இருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாளுக்கே தளரும். எறும்புக்கு நாட்டுச் சர்க்கரை மணம் எட்டாமலிருக்க, டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் நிறுத்துவது பழைய உபாயம். நமத்தவற்றை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். அதற்கும் இணங்காதவற்றைச் சூடான பாலில் நொறுக்கிப் போட்டுக் காலையில் கொடுத்துவிடலாம்.